வரிசையில் புகுந்தவனை அடித்தது தப்பா?

காவேரிப்பட்டினம் தோப்புக்காரன்:
நேற்று அரூர் வாத்தியார் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. ஹாலிவுட் இயக்குநர் ஜேம்ஸ் கன் எடுத்த 'சூப்பர்' (2010) படத்தைப் பற்றி, "வரிசையில் புகுந்ததற்காக ஒருவன் மண்டையைப் பிளப்பவன் கிறுக்கன், அதைப் பார்த்துச் சிரிப்பவன் அவனைவிடக் கிறுக்கன்" என்று தீர்ப்பே எழுதிவிட்டார். நான் சிரித்தேன். இரண்டு தடவை பார்த்து இரண்டு தடவையும் சிரித்தேன்.

படம் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பிராங்க் ஒரு சின்ன ஓட்டலில் சமையல்காரன். போதை மருந்து விற்கிறவன் ஒருவன் அவன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறான். போலீசிடம் போய் அழுகிறான், ஒன்றும் நடக்கவில்லை. சிவப்புத் துணியில் உடை தைத்துப் போட்டுக்கொண்டு, பெரிய ஸ்பேனரோடு தெருவில் இறங்குகிறான். சினிமா டிக்கெட்டுக்கு எல்லாரும் நிற்கும்போது ஒருவன் ஜோடியோடு வந்து நடுவில் புகுந்துகொள்கிறான். பிராங்க் காருக்குப் போய் உடை மாற்றிக்கொண்டு வந்து ஒரே போடு.

கேள்வி ஒன்றுதான். வரிசையில் புகுந்தது தப்பா, இல்லையா?

அரூர் வாத்தியார்:
தப்புதான். அதற்குத் தண்டனை மண்டை உடைவதா? கூட வந்த பெண் கத்துகிறாள், அவளுக்கும் ஒரு அடி. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? கொடூரத்தை வைத்துச் சிரிக்கவைக்கும் கறுப்பு நகைச்சுவை என்கிறார்களே, அது என்ன என்பதை முதலில் பேசித் தீர்த்துக்கொள்வோம், அப்புறம் மற்றதெல்லாம்.

பென்னாகரம் பிளம்பர்:
அண்ணா, அது ஸ்பேனர் இல்லை. பைப் ரிஞ்ச். ஸ்பேனர் போல்ட் நட்டுக்கு, ரிஞ்ச் பைப்பைக் கவ்வுவதற்கு. பதினாலு இஞ்ச் ரிஞ்சே ஒன்றரை கிலோ இருக்கும். இருபது வருஷமாகத் தூக்குகிறேன், அதனால் சொல்கிறேன். அதில் மண்டையில் ஒரு அடி வாங்கியவன் எழுந்து நடப்பது கஷ்டம்.

காவேரிப்பட்டினம் தோப்புக்காரன்:
ஸ்பேனரோ ரிஞ்சோ, பேச்சு அதுவா? புகுந்தது தப்பா இல்லையா?

வாத்தியாருக்குச் சம்பளம் மாசம் முதல் தேதி வந்துவிடும், வரிசையின் அருமை தெரியாது. நான் சொல்கிறேன். தோத்தாபுரி மாங்காய் அறுத்து டிராக்டரில் ஏற்றி, மாங்கூழ் ஃபேக்டரி வாசலில் இரண்டு ராத்திரி நின்றேன். எனக்கு முன்னால் நாற்பது வண்டி. வெயிலில் காய் பழுத்து அடியில் நசுங்கிச் சாறு ஒழுகுகிறது. ஒவ்வொரு மணி நேரமும் எடை குறைகிறது. உள்ளே போகும்போது விலை என்னவோ, அதுவும் தெரியாது. விடியற்காலையில் ஒரு லாரி வந்தது. ஒரு போன். கேட் திறந்தது. நேராக உள்ளே போய்விட்டது. நாற்பது வண்டிக்காரனும் வாய் மூடி நின்றோம். நானும் நின்றேன். அந்தக் காட்சியைப் பார்த்தபோது எனக்கு வந்தது வெறும் சிரிப்பு இல்லை, அந்த இரண்டு ராத்திரியும் அதில் இருந்தது.

ஓசூர் செல்வி:
அண்ணா, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் அன்றைக்கு உங்கள் கையில் ரிஞ்ச் இருந்திருந்தால் யாரை அடித்திருப்பீர்கள்? லாரி டிரைவரையா, கேட்டைத் திறந்த வாட்ச்மேனையா? போன் செய்தவன் அங்கே இல்லையே.

படத்தில் பிராங்கோடு சேர்ந்து தானும் வேஷம் போட்டுக்கொண்டு அடிக்கக் கிளம்புகிற அந்தப் பெண் லிபி செய்வதையும் பாருங்கள். சிநேகிதியின் காரில் கீறல் போட்டான் என்று ஒருவனைப் போய் அடிக்கிறாள். அவன்தானா என்பது அவளுக்கே நிச்சயமில்லை. அங்கே எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. கடைசியில் அவளும் சாகிறாள், அவ்வளவு கோரமாக.

காவேரிப்பட்டினம் தோப்புக்காரன்:
லிபி விஷயம் வேறு. நான் கேட்டது வரிசையைப் பற்றி. ஏசியில் உட்கார்ந்திருக்கும் ஓசூர்க்காரர்களுக்கு டிராக்டர் வரிசை எங்கே தெரியும்? பெங்களூரு பக்கமே பார்த்து நிற்கிற ஊர்தானே.

ஓசூர் செல்வி:
எங்கள் அப்பா சூளகிரியில் தக்காளி போடுகிறவர். விலை இல்லாமல் ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். ஓசூரும் கிருஷ்ணகிரி மாவட்டம்தான், மறந்துவிடாதீர்கள்.

அரூர் வாத்தியார்:
கிருஷ்ணகிரி என்று தனி மாவட்டம் வந்ததே 2004-ல். அதுவரை எல்லாரும் தருமபுரிதான், 1965-லிருந்து. இதில் யார் பெரியவர் என்று எதற்குச் சண்டை?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆபத்தான ஆயுதத்தால் கொடுங்காயம் உண்டாக்கினால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 118-ஆம் பிரிவு, ஆயுள் தண்டனை வரை போகலாம். வரிசையில் புகுந்தவனுக்கு எந்தப் பிரிவு? எடுத்துக் காட்டுங்கள்.

காவேரிப்பட்டினம் தோப்புக்காரன்:
பிரிவு இல்லை என்பதுதானே என் வயிற்றெரிச்சல்! பிரிவு இருந்திருந்தால் பிராங்க் எதற்கு ரிஞ்சைத் தூக்குகிறான்?

சட்டம் பேசும் வாத்தியாரே, போன பொங்கல் லீவில் ஒகேனக்கல் போய் வந்து நீங்களே இங்கே எழுதினீர்கள். "கூட்டம் தாங்கவில்லை, நல்லவேளை பழைய மாணவன் ஒருவன் இருந்தான், உடனே பரிசல் கிடைத்தது" என்று. நான் மறக்கவில்லை. அந்த வெயிலில் குழந்தையோடு நின்றவனுக்கு நீங்கள் யார்?

அரூர் வாத்தியார்:
அது வேறு. என் மனைவிக்கு முழங்கால் வலி, நிற்க முடியாது. அந்தப் பையனாகக் கூப்பிட்டான். நான் கேட்கவில்லை.

காவேரிப்பட்டினம் தோப்புக்காரன்:
முழங்கால் வலி பின்னால் நின்றவனுக்கு எப்படித் தெரியும்? அவன் கண்ணுக்கு நீங்கள் புகுந்தவர், அவ்வளவுதான்.

ஓசூர் செல்வி:
அண்ணா, அதைத்தானே நான் முதலிலிருந்து சொல்கிறேன்! பிராங்குக்கு மட்டும் எப்படித் தெரியும்? வாத்தியார் மண்டையிலும் ஒன்று போட்டிருப்பீர்களா?

பென்னாகரம் பிளம்பர்:
இன்னும் ஸ்பேனர் என்றே கிடக்கிறது, மேலே திருத்துங்கள் அண்ணா. அடித்தது எது என்று தெரியாமல் அடித்தது சரியா என்று எப்படிப் பேசுவது?

அரூர் வாத்தியார்:
என் குடும்பத்தை இழுத்த பிறகு நான் பேசுவதற்கு ஒன்றுமில்லை. படம் கெட்ட படம். என் கருத்தில் மாற்றமில்லை.

காவேரிப்பட்டினம் தோப்புக்காரன்:
குடும்பத்தை நான் இழுக்கவில்லை, நீங்கள் எழுதியதை எடுத்துக் காட்டினேன். செல்வி, வாத்தியாரை அடிப்பேன் என்று நான் எங்கே சொன்னேன்? வார்த்தையைத் திரிக்காதே அம்மா. பிராங்க் அடித்தவன் திமிரோடு புகுந்தவன். நின்றவர்கள் முகத்தைக்கூடப் பார்க்காதவன். எங்கள் வாசலில் புகுந்த லாரிக்காரனும் அப்படித்தான், ஹாரன் அடித்துக்கொண்டே போனான்.

நாளைக்குத் தோப்பில் மருந்து அடிக்க ஆள் வருகிறது, காலையில் வர முடியாது. சாயங்காலம் வந்து பார்க்கிறேன். ரிஞ்சு, மாவட்டம், முழங்கால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு யாராவது நேராகப் பதில் எழுதி வையுங்கள். வரிசையில் புகுந்தது தப்பா, இல்லையா?