விலங்குகளை மீட்க வருபவர்களோடு உங்கள் அனுபவம்

பதிவு 1

பூட்டின வீடு, பின்பக்கம் கட்டிப்போட்ட நாய், ஆட்கள் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள். இங்கே இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குட்டியில் மாட்டிய கழுத்துப்பட்டையை யாரும் தளர்த்தவே இல்லை, அது சதைக்குள் புதைந்திருந்தது. தொண்டு அமைப்புக்கு போன் செய்தேன். வந்த பெண் முதலில் நாயைத் தொடவில்லை. காய்ந்த தண்ணீர்ச் சட்டி, கழுத்து, சங்கிலி, வாசல் பூட்டு என்று ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார். போலீஸ் வரும்வரை காத்திருந்தார். பட்டையை வெட்டியதும் நான் வைத்த சாப்பாட்டுத் தட்டை எடுத்து அப்பால் வைத்துவிட்டார். நாய் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. பட்டினி கிடந்த உயிரின் வாயிலிருந்து பிடுங்க எப்படி மனம் வந்தது?

பதிவு 2

மனம் இருந்ததால்தான் எடுத்தார். நீண்ட பட்டினிக்குப் பிறகு ஒரேயடியாகச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் எல்லாம் சட்டென்று இறங்கும், இதயமே நின்றுவிடலாம். நான் இருந்த காப்பகத்துக்கு எலும்பும் தோலுமாக ஒரு நாய் வந்தது. யாரோ இரக்கப்பட்டு ராத்திரியில் வயிறு நிறையப் போட்டுவிட்டார்கள். வாலை ஆட்டி ஆட்டிச் சாப்பிட்டது. காலையில் உயிர் இல்லை.

படம் எடுத்ததைக் குறை சொல்லாதீர்கள். பட்டையை வெட்டிவிட்டால் அது எப்படிப் புதைந்திருந்தது என்று நீதிமன்றத்தில் எதைக் காட்டுவது? 1824-ல் லண்டனில் தொடங்கிய ஆர்.எஸ்.பி.சி.ஏ. என்ற விலங்கு நல அமைப்பின் இன்ஸ்பெக்டர்களுக்கே தாங்களாக ஒரு வீட்டுக்குள் நுழையும் அதிகாரம் கிடையாது. போலீஸ் வந்துதான் ஆக வேண்டும்.

பதிவு 3

என்னுடையது சின்னது. தோட்டத்தில் பூனைக்குட்டிகள் கத்தின, தாயைக் காணோம். போனை எடுத்தவர் "தொடாதீர்கள், தள்ளி நின்று பாருங்கள்" என்றார். இருட்டும் நேரத்தில் தாய் வந்து ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போனது.

எல்லோருக்கும் சொல்கிறேன்: குட்டி தனியாக இருந்தால் அநாதை என்று முடிவு கட்டாதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கும், இல்லை இடம் மாற்றிக்கொண்டிருக்கும். நிஜமாகவே தாய் இல்லையென்றால் முதல் வேலை சூடு. உடம்பு சில்லிட்டிருக்கும் குட்டிக்குப் பால் செரிக்காது, அதனால் சூடுபடுத்திய பிறகுதான் பால். அதுவும் பசும்பால் வேண்டாம், பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால்மாவு. மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும், குப்புற வைத்து ஊட்டுங்கள். பறவைக் குஞ்சு என்றால் எடுத்துக் கூட்டில் வைக்கலாம், மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பதெல்லாம் பொய்.

பதிவு 4

எனக்குக் கோபம் வேறு. எங்கள் தெருமுனை நாயை வலைபோட்டுப் பிடித்துக் கருத்தடை செய்து, காதில் சிறு வெட்டுப் போட்டு, மறுபடி அதே முனையில் இறக்கிவிட்டார்கள். வண்டியிலிருந்து இறங்கி நேராகத் தன் பழைய இடத்தில் போய்ப் படுத்தது. மீட்பு என்றால் ஒரு வீடு பார்த்துக் கொடுக்க வேண்டாமா?

பதிவு 2 மீண்டும்

அத்தனைக்கும் வீடு எங்கே? அதை அகற்றினால் அந்த இடத்துக்குக் கருத்தடையோ தடுப்பூசியோ ஆகாத வேறு நாய் வரும். காதில் வெட்டு இருப்பதால்தான் மறுபடி பிடித்து மயக்க ஊசி போடாமல் விடுவார்கள்.

பதிவு 4

காரணம் புரிகிறது. ஆனால் மழையில் அது நனைவதைத் தினமும் பார்ப்பது நான்.