மறு: ‘டாய்மேன்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம் நண்பர்களே,

காமிக்ஸ் மொழிபெயர்ப்புக்கான நம் சொற்பட்டியலில், பொம்மைகளை ஆயுதமாக்கிச் சூப்பர்மேனோடு மோதும் ‘டாய்மேன்’ என்ற வில்லனுக்குத் தமிழ்ப் பெயர் கேட்டிருந்தீர்கள். என் பரிந்துரை ‘பொம்மைக்காரன்’.

> ‘விளையாட்டுப்பொருளன்’ என்று வைக்கலாமா? ‘பொம்மைக்காரன்’ என்றால் தெருவில் பொம்மை விற்கிறவர்தான் நினைவுக்கு வருகிறார்.

வரட்டுமே. ஆங்கிலத்திலும் ‘டாய்மேன்’ காமிக்ஸுக்காக உண்டாக்கிய சொல் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் விளையாட்டுச் சாமானும் சின்னச் சின்ன அலங்காரப் பொருள்களும் விற்ற கடைக்காரருக்கு அதுதான் பெயர். 1943 செப்டம்பரில், ஆக்‌ஷன் காமிக்ஸ் 64ஆம் இதழில், டான் கேமரன் எழுதி எட் டோப்ரோட்கா வரைந்த கதையில் வின்ஸ்லோ ஷாட் அந்தப் பெயரோடுதான் சூப்பர்மேனுக்கு எதிரியாக வந்தான். தோட்டா துளைக்காத ஆளிடம் துப்பாக்கி எடுத்துப் பயனில்லை. அதனால் கெட்டிக்காரத்தனத்தால் திணறடிக்கிற எதிரிகள் தேவைப்பட்டார்கள். கையில் இருப்பது பொம்மை என்பதால் யாரும் உஷாராவதில்லை, அதுதான் இவனுடைய பலம். ‘விளையாட்டுப்பொருளன்’ என்ற பெயரைக் கேட்டாலே நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். போதாததற்கு, பேச்சுக் குமிழிக்குள் அது அடங்கவும் அடங்காது.

> சுருக்கமாகப் ‘பொம்மையன்’?

அது பொம்மை போல இருக்கிறவன். 1996இல் வந்த சூப்பர்மேன் கார்ட்டூன் தொடரில் அவன் குழந்தைப் பொம்மையின் முகமூடி போட்டிருப்பான், அங்கே பொருந்தும். (அந்தத் தொடரின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். பொம்மை செய்யும் அப்பாவின் தொழிற்சாலையை ஒரு தாதா தன் சூதாட்டத் தொழிலுக்குத் திரையாக்கிவிட, ஜெயிலுக்குப் போனது அப்பா. மகன் வளர்ந்து பழிவாங்க வருகிறான்.) ஆனால் முகமூடி ஒரு தொடரோடு சரி. பெயரோ ஆள்மாறி ஆள்மாறிப் போயிருக்கிறது. 1974இல் ஜாக் நிம்பல் என்று கோமாளி உடையில் ஒருவன் வந்தான். பிற்பாடு ஹீரோ ஒகாமுரா என்ற ஜப்பானியச் சிறுவன் வந்தான், அவன் முழு வில்லன்கூட இல்லை. இத்தனை பேருக்கும் பொதுவாக இருப்பது தொழில். தொழிலுக்கு நம்மிடம் ‘-காரன்’ தயாராக இருக்கிறது.

ஒரு சிக்கல் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 1962இல் ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்ற காமிக்ஸின் 8ஆம் இதழில் பப்பெட் மாஸ்டர் என்று ஒருவன் வருகிறான். களிமண்ணில் ஆட்களின் உருவத்தைப் பிடித்து, அதை வைத்தே அவர்களை ஆட்டிவைப்பான். அவனுக்கும் ‘பொம்மை’யைக் கொடுத்தால் யார் எவன் என்று படிப்பவர் குழம்புவார்கள். தோற்பாவைக் கூத்து இருக்கிற ஊரில் அவனுக்குப் ‘பாவைக்கூத்தன்’ போதாதா?

அப்புறம், இந்த மாதிரி ஒரே ஒரு வித்தையை வைத்துக் குற்றம் செய்கிற ஆட்கள் எல்லாருக்கும் பொதுப்பெயர் வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். ‘கிம்மிக் வில்லன்’ என்று எழுதிவருகிறோம். பேட்மேனுக்குப் புதிர் போடுகிற ரிட்லர், ஃப்ளாஷ் என்ற நாயகனுக்கு எதிராக வருகிற ட்ரிக்ஸ்டர் எல்லாரும் இந்த வகைதான். ‘உத்தி வில்லன்’ என்ற முன்மொழிவு உப்புச்சப்பில்லாமல் இருக்கிறது. எந்த வில்லனிடம்தான் உத்தி இல்லை? நான் ‘கைவரிசை வில்லன்’ என்பேன். கைத்திறன் என்ற பொருளும் அதில் இருக்கிறது. ‘திருடன் கைவரிசை’ என்று பேப்பரில் தினம் படிக்கிறோம், அந்தப் பொருளும் இருக்கிறது. இரண்டும் ஒரே சொல்லில் கிடைப்பது அபூர்வம்.

*

ஐயா, வணக்கம்.

‘கைவரிசை’ பிரமாதம். ஆனால் பின்னால் ஒட்டியிருக்கும் ‘வில்லன்’ இடிக்கிறதே. தமிழில் பிரித்தால் வில்லை உடையவன். வில்லும் அம்புமாக வருகிற கிரீன் ஏரோவின் கதையை மொழிபெயர்க்கும்போது நாயகன்தான் வில்லன் என்று ஆகிவிடும்! ‘எதிர்நாயகன்’ என்று மாற்றலாமா? ‘பொம்மைக்காரன்’ எனக்கும் சம்மதம். 1972இல் முத்து காமிக்ஸ் ‘ஸ்டீல் க்ளா’ என்ற ஆங்கில காமிக்ஸை ‘எஃகு நகம்’ என்று போட்டிருந்தால் யார் வாங்கியிருப்பார்கள்? ‘இரும்புக்கை மாயாவி’ என்றார்கள், நின்றது.

*

> ‘எதிர்நாயகன்’ என்று மாற்றலாமா?

வேண்டாம் அம்மா. நல்லவனாகவும் இல்லாமல் முழுக்கக் கெட்டவனாகவும் இல்லாமல் கதையை நடத்துகிற நாயகனுக்கு அந்தச் சொல்லை ஏற்கெனவே பலர் எழுதுகிறார்கள். நம்பியார் காலத்திலிருந்து வில்லன் வில்லன்தான், யாரும் வில்லைத் தேடவில்லை. கிரீன் ஏரோவுக்கு ‘வில்லாளி’ இருக்கிறது.

சொற்பட்டியலில் இப்படிச் சேர்க்கிறேன்: டாய்மேன் – பொம்மைக்காரன், பப்பெட் மாஸ்டர் – பாவைக்கூத்தன், கிம்மிக் வில்லன் – கைவரிசை வில்லன், பெண்ணானால் கைவரிசை வில்லி. 1993 கதையில் ஷாட் ஒரு சிறுவனைக் கொன்றதும், ‘அது அவன் இல்லை, பழுதான ரோபோ’ என்று 2008இல் கதையை மாற்றியதும் தனிச் சங்கதி. அப்படிப் பழைய கதையைப் பின்னால் வந்து திருத்துவதற்கும் ஒரு சொல் வேண்டும். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், இதிலேயே போட்டால் தேடும்போது கிடைக்காது.