கார் ஜிபிஎஸ்ஸை வைத்து ஜியோகேஷ் தேடலாமா?

வணக்கம் உறவுகளே, கார் கண்ணாடியில் ஒட்டும் பழைய ஜிபிஎஸ்ஸை வைத்து யாராவது ஜியோகேஷிங் (ஒருவர் ஒளித்துவைத்த பெட்டியை ஜிபிஎஸ் இடக்குறிப்பை வைத்துத் தேடிப் பிடிக்கும் விளையாட்டு) செய்கிறீர்களா? தம்பியும் நானும் கிளிநொச்சி இரணைமடுப் பக்கம் சின்னப் பெட்டி ஒன்றை ஒளித்துவைத்துப் பழகுகிறோம். ஏ9 வீதியில் கருவி அருமையாக வழிகாட்டுகிறது, ஆனால் இறங்கி நடந்தால் எங்களைக் காட்டும் அம்புக்குறியைத் திரும்பவும் வீதியிலேயே கொண்டுபோய் ஒட்டிவிடுகிறது, பெட்டியோ உள்ளே பாலை மரத்தடியில். வீதியை விட்டு நேர்கோட்டில் காட்டச் சொல்லும் அமைப்பு எங்கே இருக்கும்? அப்புறம், ஜியோகேஷ் இடக்குறிப்பு பாகையும் தசம நிமிடமுமாக வரும், கருவி தசமப் பாகை கேட்கிறது, 9° 18.000′ என்றால் 18ஐ 60ஆல் வகுத்து 9.3 என்று போடுகிறேன், கருவியிலேயே இடக்குறிப்பு வடிவத்தைப் பாகையும் தசம நிமிடமுமாக மாற்றி வைக்க முடியுமா? ஜிபிஎக்ஸ் கோப்பை (இடக்குறிப்புகள் அடங்கிய கோப்பு) கருவியில் நேரே ஏற்றினவர்களும் சொல்லுங்கோ. கண்ணிவெடிப் பலகை நிற்கும் காணிப் பக்கம் போகவேமாட்டோம், சனம் நடக்கிற பாதையோரம் மட்டும்தான், அதனால் சில மீற்றர் பிழையும் எங்களுக்குப் பெரிய விசயம்.