ஒகேனக்கல்லில் அப்பா ஊன்றிய குச்சி

எங்களுக்குத் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே நிலம். வெண்ணாற்றுப் பாசனம், கடைமடை. மேட்டூரில் திறக்கிற தண்ணீர் கல்லணைக்கு வந்து சேரவே மூன்று நாள் ஆகும். அங்கிருந்து ஆறு ஆறாகப் பிரிந்து, மதகு மதகாக இறங்கி எங்கள் வாய்க்காலை எட்டுவதற்குள் நாற்று பழுத்துப் போன வருடங்களும் உண்டு. அப்பாவுக்கு எழுபது வயது. இன்றைக்கும் பேப்பர் வந்ததும் முதலில் தேடுவது மேட்டூர் நீர்மட்டத்தைத்தான். ஆனால் ஒகேனக்கல் போகும்வரை கல்லணைக்கு மேலே காவிரியை அவர் பார்த்ததே கிடையாது.

அந்த வருடம், வழக்கமாகத் திறக்கிற ஜூன் 12 தாண்டியும் மேட்டூர் அணை திறக்கவில்லை. வயல் வெடித்துக் கிடந்தது. வீட்டில் சும்மா உட்கார்ந்து அவர் மருகுவதைப் பார்க்க முடியாமல், தங்கை மாப்பிள்ளைதான் ஒகேனக்கல் யோசனையைச் சொன்னார். இரண்டு கூடாரம், ஒரு கேஸ் அடுப்பு, அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறு. வேனில் பெரியவர்கள் ஆறு பேர், பிள்ளைகள் மூன்று பேர்.

சேலத்திலிருந்து நேராகத் தருமபுரி போயிருக்கலாம். அப்பா மேட்டூர் பார்த்தே ஆகவேண்டும் என்றார். 1934இல் கட்டி முடித்த அணை, 120 அடி கொள்ளும். அன்று பாதிக்கும் வெகு கீழே கிடந்தது. கொளத்தூர் வழியாகப் பண்ணவாடி வரை போனோம். அணை கட்டியபோது மூழ்கிப்போன கோயிலின் நந்தி அங்கே நீர் வற்றினால்தான் வெளியே தெரியும். அது முழுசாக, அடிப்பீடம் வரை, காய்ந்த வண்டலில் உட்கார்ந்திருந்தது. பிள்ளைகள் ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தார்கள். அப்பா வேனை விட்டு இறங்கவில்லை. “இது கண்ணில் படக்கூடாதுப்பா” என்றார்.

பென்னாகரம் தாண்டிக் காட்டுப் பாதை. யானை கடக்கும் இடம் என்று பலகைகள், சாலையில் பச்சை லத்தி. காட்டுக்குள் கூடாரம் போட அனுமதி கிடையாது, போடவும் கூடாது. ஊட்டமலையில் ஆற்றை ஒட்டி ஒரு வீட்டுத் தோப்பில் இடம் கேட்டிருந்தோம். பிள்ளைகள் கீழே மணலில் போடலாம் என்று அடம்பிடித்தார்கள். வீட்டுக்கார அக்கா ஒரே பிடியாக மறுத்துவிட்டார். “மணல்ல வேணாங்கண்ணா. மேல தண்ணி விட்டா ராத்திரியோட ராத்திரியா வந்துடும்.” அந்த அக்காவுக்கு எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது.

சாயங்காலம் பரிசலில் போனோம். மூங்கில் பின்னலுக்கு அடியில் தார் பூசிய கூடை, அதைப் பாறைகளுக்கு நடுவே ஒரு துடுப்பால் திருப்புகிறார்கள். அருவிகளில் தண்ணீர் குறைவுதான். ஆனாலும் சாரல் எழும்பி முகத்தில் அடித்தது. ‘ஹொகே’ என்றால் கன்னடத்தில் புகை, ‘கல்’ பாறை. பெயர்க் காரணம் கண்ணெதிரே. அருவியைவிட அப்பா பரிசல்காரரிடம்தான் அதிகம் பேசினார். வயநாட்டில் மழை பிடித்துவிட்டதாம், காவிரிக்குத் தண்ணீர் விடுகிற கர்நாடகத்துக் கபினி அணை நிரம்பப் போகிறதாம். கபினி என்ற பெயரைக் கேட்டதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கரைக்கு வந்ததும் ஒரு மூங்கில் குச்சியை ஒடித்துத் தண்ணீர் விளிம்பில் ஊன்றினார். ஊரில் மதகடியில் இதைத்தான் செய்வார். ஈரம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க. என் மகள் எதற்கு என்று கேட்டாள். “நாளைக்குச் சொல்றேன்” என்றார்.

இரவு ஒரு மணி இருக்கும், கூடாரத் துணியை யாரோ தட்டினார்கள். அப்பா, கையில் டார்ச். “வந்து பாரு.” தோப்பு ஓரத்துக்குப் போனோம். இறங்கவிடாமல் அவரைப் பிடித்துக்கொண்டேன். வெளிச்சம் பட்ட இடத்தில் குச்சியின் பாதியைக் காணோம். மிச்சப் பாதியில் செத்தை சுற்றியிருந்தது. மூங்கில் இலைகள், ஒரு காய்ந்த கொட்டாங்குச்சி, பழுப்பு நுரை. மாலையில் பச்சையாகக் கிடந்த தண்ணீர் கலங்கி, செம்மண் வாசனை அடித்தது. எங்கள் வாய்க்காலில் தலைத்தண்ணீர் வரும்போது இதே செத்தையும் நுரையும்தான் முன்னால் உருண்டு வரும், பிள்ளைகள் அதோடு ஓடுவார்கள். அப்பா எதுவும் பேசவில்லை. என் தோளைப் பிடித்திருந்த கை நடுங்கியது. விடிகிற வரை நாங்கள் இரண்டு பேரும் தூங்கவில்லை.

காலையில் குச்சி இல்லை. நேற்றுப் பிள்ளைகள் வீடு கட்டி விளையாடிய மணலும் இல்லை. கரையோரம் இருக்கிறவர்கள் மேட்டுக்குப் போகும்படி ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே போனார்கள். குளிக்கவும் பரிசலுக்கும் தடை. அருவிப் பக்கமிருந்து வந்த இரைச்சலில் அடுத்தவர் பேசுவது கேட்கவில்லை. பிள்ளைகள் அழுதார்கள், இரண்டு நாள் திட்டம் அல்லவா. அப்பா என் மகளை மடியில் வைத்துக்கொண்டு கணக்குச் சொன்னார்: ஒரு கன அடி ஏறக்குறைய 28 லிட்டர், விநாடிக்குப் பதினோராயிரத்து ஐந்நூறு கன அடிக்குக் கொஞ்சம் மேலே ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி., அதாவது நூறு கோடி கன அடி. மேட்டூர் நிரம்ப அப்படி 93 வேண்டும். “நம்ம வயலுக்குப் போற தண்ணிடா தங்கம் இது.” அவள் அழுகையை நிறுத்தி ஆற்றைப் பார்த்தாள்.

மழைக்காலத்தில் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். கிளம்பும் முன், காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற இடத்தில் தண்ணீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று செய்தியில் பாருங்கள். ஒகேனக்கல்லில் மழையே இருக்காது, வானம் வெளுத்திருக்கும், ஆறு மட்டும் ஏறும். மணலில் படுக்காதீர்கள்.

திரும்பும்போதும் பண்ணவாடிக்கு வண்டியை விடச் சொன்னார் அப்பா. நந்தி அப்படியே இருந்தது, ஆனால் சுற்றிலும் இருந்த வண்டல் கறுத்து ஈரமாகி, பீடத்துக்கு நாலடி தள்ளித் தண்ணீர் நின்றது. இந்தமுறை இறங்கினார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நந்தி வரை நடந்துபோய், அதன் முதுகில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். வேனுக்கு வந்ததும் ஊருக்குப் போன் போட்டார்.

“நாற்றங்காலை ஓட்டி வை. விதை நெல்லை நான் வந்து ஊறப்போடுறேன்.”