மறு: ‘வேக்ரண்ட்’ பறவைக்குத் தமிழ்ச்சொல்: ‘தடம்விலகி’ சரிப்படுமா?

அனைவருக்கும் வணக்கம்.

தன் வழக்கமான வாழிடத்துக்கும் வலசைத்தடத்துக்கும் (பருவந்தோறும் இடம்பெயரும் பாதைக்கும்) வெளியே வந்து காணப்படும் பறவையைத்தான் ஆங்கிலத்தில் ‘வேக்ரண்ட்’ என்கிறார்கள். அதற்கு இந்த இழையில் இதுவரை வந்த சொற்கள் வழிதவறி, நாடோடிப் பறவை, அரிய விருந்தாளி, அயல்வரவு. நான்கையும் ஒரே இடத்தில் வைத்து உரசிப் பார்க்கலாம் என்று தோன்றியது. அதற்கு அட்லாண்டிக் நடுவிலுள்ள கோர்வோ தீவு பொருத்தமான இடம்.

கோர்வோ போர்ச்சுகலின் அசோரஸ் தீவுக்கூட்டத்தில் மிகச் சிறியது. பரப்பு சுமார் 17 சதுர கிலோமீட்டர், ஒரே ஊர், மக்கள் நானூறு பேர் வாக்கில். தீவின் பெரும்பகுதி பழைய எரிமலை ஒன்றின் வாயும் அதன் சரிவும்தான். கிழக்குச் சரிவில் மழைநீர் அறுத்துப் போட்ட ஓடைப் பள்ளங்களில் மட்டும் மரங்கள் கொஞ்சம் நெருக்கமாக நிற்கின்றன. 2005-ல் பீட்டர் ஆல்ஃப்ரே என்ற பிரிட்டன் பறவையாளர் இலையுதிர் காலத்தில் அங்கே போய், அமெரிக்கக் கண்டத்துச் சிறு பறவைகளைத் தொடர்ந்து பார்த்தார். அதன்பின் ஒவ்வோர் அக்டோபரிலும் ஐரோப்பியப் பறவை ஆர்வலர்கள் அந்தப் பள்ளங்களில் ஈரத்தில் இறங்கி நிற்கிறார்கள்.

அவர்கள் அடிக்கடி காண்பது சிவப்புக்கண் வீரியோ. சிட்டுக்குருவியளவு இருக்கும். இலைப்பச்சை முதுகு, சாம்பல் உச்சந்தலை, வெள்ளைப் புருவம், அதன் மேலும் கீழும் கறுப்புக்கோடு. கிளையில் அவசரமில்லாமல் நகர்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்துப் புழுவை எடுக்கும். பெயரில் சிவப்புக்கண் இருந்தாலும் அங்கே வந்து சேர்பவற்றின் கண் பெரும்பாலும் பழுப்புதான். அந்த ஆண்டு பிறந்த இளம்பறவைக்குக் கண் இன்னும் சிவந்திருக்காது. முதல் வலசையிலேயே கடல் தாண்டி வந்துவிட்ட குஞ்சுகள் அவை.

இப்போது ‘வழிதவறி’ என்ற சொல்லைப் பார்ப்போம். வட அமெரிக்காவின் பிளாக்போல் வார்ப்ளர் பன்னிரண்டு கிராம் எடையுள்ள பறவை. இலையுதிர் காலத்தில் கொழுப்பேற்றிக்கொண்டு, வடகிழக்குக் கரையிலிருந்து கிளம்பி, கடல்மேல் இரண்டு மூன்று நாள் நிற்காமல் பறந்து கரீபியன் தீவுகளில் இறங்குகிறது. 2015-ல் வெளியான ஆய்வில் பறவைகள் மீதே வெளிச்ச அளவைப் பதியும் சிறு கருவி கட்டி இதை உறுதி செய்தார்கள். ஒரே மூச்சில் 2,270 முதல் 2,770 கி.மீ. வரை பறந்திருந்தன. அது கடல்மேல் இருக்கும் நேரத்தில் வேகமாகக் கிழக்கே நகரும் தாழ்வழுத்த மண்டலம் ஒன்று குறுக்கிட்டால், காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடும். நியூஃபவுண்ட்லாந்திலிருந்து கோர்வோ சுமார் 1,900 கி.மீ. பறவை சரியான நாளில், சரியான திசையில்தான் கிளம்பியது. அதைப் போய் வழிதவறியது என்பானேன்? தமிழில் ‘வழிதவறியவன்’ என்றாலே குணத்தின் மீது ஒரு குற்றச்சாட்டு ஒட்டிக்கொள்கிறது என்பது வேறு விஷயம்.

அதே சமயம், திசையுணர்வே பிசகி வரும் பறவைகளும் உண்டு. கிழக்கே போக வேண்டிய சைபீரியப் பறவை மேற்கே பறந்து ஸ்காட்லாந்தின் ஃபேர் தீவிலோ இங்கிலாந்தின் சில்லி தீவுகளிலோ இறங்குவதற்கு, காற்றோடு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். ஆகவே நமக்கு வேண்டிய சொல் காரணத்தைச் சொல்லக் கூடாது. நிலையை மட்டும் சொன்னால் போதும். குறிப்பேட்டில் எழுதும் நேரத்தில் காரணம் யாருக்கும் தெரிந்திருக்காது.

> அரிதாக வருகிறது, அவ்வளவுதானே? ‘அரிய விருந்தாளி’ போதாதா?

போதாது என்றே நினைக்கிறேன். அசோரஸில் மொன்டேய்ரோ புயற்பறவை என்று ஒன்று இருக்கிறது. 2008-ல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது. உலகத்திலேயே அசோரஸில் மட்டும், கிராசியோசா தீவை ஒட்டிய குறுந்தீவுகளில்தான் முக்கியமாகக் கூடு வைக்கிறது. அதைவிட அரிதான கடற்பறவை அங்கே குறைவு. ஆனால் அது விருந்தாளி இல்லை, வீட்டுக்காரர். அரிது என்பது எண்ணிக்கை பற்றிய பேச்சு. நாம் தேடுவது இருப்பிடம் பற்றிய சொல்.

தொலைவையும் அளவுகோலாக வைக்க முடியாது. பெரிய ஷியர்வாட்டர் என்ற கடற்பறவை தென் அட்லாண்டிக்கில் டிரிஸ்டன் ட குன்யா தீவுகளில் கூடு வைக்கிறது. அங்கிருந்து கோர்வோ 8,000 கி.மீ.க்கு மேல். இனப்பெருக்கம் முடிந்ததும் வட அமெரிக்கக் கடல் வரை ஏறி, கோடை முடிவில் கிழக்கே திரும்பி மறுபடி தெற்கே இறங்குகிறது. ஆகஸ்ட், செப்டம்பரில் அசோரஸ் கடலில் படகில் போகிறவர்கள் கோரி ஷியர்வாட்டர் கூட்டத்துக்குள் இதைத் தேடிப் பிடிப்பார்கள். கரும்பழுப்புத் தொப்பியும் கழுத்தைச் சுற்றிய வெள்ளைப் பட்டையும் அடையாளம். இவ்வளவு தூரம் வந்தாலும் அது வேக்ரண்ட் ஆகாது, ஏனென்றால் அது தன் வழக்கமான தடத்தில் வருகிறது. அதில் நாலில் ஒரு பங்கு தூரமே வந்த வீரியோ வேக்ரண்ட். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தடம் மட்டுமே.

‘நாடோடி’யை விட்டுவிடலாம். மழை பெய்த இடம் தேடித் திரியும் ஆஸ்திரேலிய பட்ஜரிகர் போன்ற இனங்களுக்கு அந்தச் சொல் தேவைப்படும். ‘அயல்வரவு’ கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மனிதர் கொண்டுபோய் விட்ட உயிரினங்களை ‘அயல் இனம்’ என்று ஏற்கெனவே எழுதுகிறோம். அசோரஸில் இன்று திரியும் ஊர்க்குருவிகூட அப்படி வந்ததுதான். குழப்பம் வரும்.

ஆகவே என் பரிந்துரை ‘தடம்விலகி’. வலசைத்தடம் என்ற சொல் புழக்கத்தில் இருப்பதால் பொருள் உடனே பிடிபடும். நிகழ்வுக்குத் ‘தடம்விலகல்’, பன்மைக்குத் ‘தடம்விலகிகள்’. ‘தடம்விலகி வந்தது’ என்று எழுதினால் பெயரா வினையெச்சமா என்ற ஐயம் வருமே என்று கேட்கலாம். வழிகாட்டி, ஒலிபெருக்கி எல்லாவற்றிலும் அதே நிலைதான், யாரும் தடுமாறுவதில்லை. வேண்டுமானால் ‘தடம்விலகிப் பறவை’ என்று எழுதிக்கொள்ளலாம்.

வரையறையை இப்படி வைக்கிறேன்: ஓர் இனத்தின் வழக்கமான வாழிடத்துக்கும் வலசைத்தடத்துக்கும் வெளியே, மனிதர் கொண்டுவராமல், தானே வந்து காணப்படும் தனிப் பறவை. கப்பலில் ஒட்டிக்கொண்டு வருபவை இதற்குள் சேருமா என்பதில் பறவையாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ‘கப்பலேறி’ என்று அதற்குத் தனியாக ஒரு குறிப்புச் சொல் வைத்தால் நல்லது.

நம் ஊர்ப் பதிவுகளுக்கும் இது பொருந்துகிறதா என்று பாருங்கள். வங்கக்கடல் புயலுக்குப் பிறகு உள்நாட்டு ஏரியில் ஒற்றையாக வந்து நிற்கும் கடல் ஆலாவைத் ‘தடம்விலகி’ எனலாம், இடறாது. பறவை மீது பழி சொல்லாமல் புயலையும் குறிப்பில் எழுதிக்கொள்ளலாம்.

கரையில் உட்கார்ந்து கடற்பறவை பார்ப்பதற்கு இங்கே ஒருவர் முன்வைத்த ‘கடல்நோக்கல்’ அருமை. எனக்கு முழுச் சம்மதம்.

ஷியர்வாட்டருக்குத் தமிழ்ப்பெயர் வைக்கத் தனி இழை தொடங்கினால் நல்லது. விரைப்பான சிறகின் நுனி அலையை உரசுவதுபோல் சாய்ந்து பறக்கும் பறவை அது. அந்தப் பறக்கும் விதம் பெயரில் வர வேண்டும் என்பது என் ஆசை. கடலோர மீனவர்களிடம் இதற்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறதா என்று கேட்டுச் சொல்லக்கூடியவர்கள் முதலில் எழுதுங்கள்.

அன்புடன்.