ஒகல்லாலா நீர் வற்றுகிறது: ஹை பிளைன்ஸில் உழவா, புல்லா?

புல்வெளி:
அமெரிக்காவின் ஹை பிளைன்ஸ் சமவெளியில் உள்ள மேற்கு கான்சாஸில் ஆண்டு மழை ஏறக்குறைய 15 முதல் 20 அங்குலம். அங்கே மக்காச்சோளம் செழிப்பது அச்சமவெளிக்கு அடியில் பரந்து கிடக்கும் ஒகல்லாலா நிலத்தடி நீரால்தான். ஊறுவதைவிடப் பல மடங்கு இறைக்கிறார்கள். வறண்ட நாட்டில் ஒரு மேய்ச்சல் பண்ணைக்கு 2,560 ஏக்கர் வேண்டும் என்று நிலவியலாளர் ஜான் வெஸ்லி பவல் 1878இலேயே அரசுக்கு அறிக்கை தந்தார். அரசோ குடியேறியவர்களுக்கு 160 ஏக்கர் துண்டுகளாகக் கொடுத்து உழ வைத்தது. 1930களில் அந்த மண் புழுதிப் புயலாக எழுந்தது. கிணறு வற்றும் வயல்களை இப்போதே புல்லுக்கு விட வேண்டும்.

கிணற்றடி:
நண்பரே, புயலுக்கு நெடிய வறட்சியும், முதல் உலகப் போரில் ஏறிய கோதுமை விலையை நம்பி உழுததும் காரணங்கள். அதை விடுங்கள். அந்த மக்காச்சோளத்தை நம்பி மாட்டுப்பட்டிகளும் இறைச்சி ஆலைகளும் ஊர்களும் இருக்கின்றன. அவர்களுக்கு என்ன பதில்? வடமேற்கு கான்சாஸின் 'ஷெரிடன் 6' பகுதியைப் பாருங்கள். விவசாயிகளே கூடிப் பேசி, 2013 முதல் ஐந்தாண்டுக்கு மொத்தம் 55 அங்குலப் பாசனம் என்று வரம்பு வைத்துக்கொண்டார்கள். விளைச்சல் சற்றுக் குறைந்தது, இறைக்கும் செலவும் குறைந்தது, லாபம் சரியவில்லை. உழவை நிறுத்தாமலே நீரைக் காக்க முடிகிறது.

புல்வெளி:
காக்கவில்லை, தள்ளிப்போடுகிறார்கள். வரம்புக்குப் பிறகும் நீர்மட்டம் இறங்குகிறது, மெதுவாக.

மழைமானி:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். உழுத நிலத்தைச் சும்மா விட்டால் அந்த மண்ணுக்கே உரிய எருமைப்புல் தானாக வந்துவிடாது. முதலில் முளைப்பது ரஷ்ய முட்செடி. காய்ந்ததும் வேரறுந்து உருண்டு முள்வேலியில் குவியும். அதன்மேல் மண் படியும். 1930களில் வேலிகள் அப்படித்தான் புதைந்தன. புல்லை விதைக்க வேண்டும். வேர்பிடிக்கும் வரை ஈரம் வேண்டும். கிணறு முற்றிலும் வற்றிய பிறகு அந்த ஈரத்துக்கு எங்கே போவது? கடைசி நீரை மக்காச்சோளத்துக்குக் கொடுப்பதா, புல்லுக்கா என்பதுதான் கேள்வி.

கிணற்றடி:
நியாயமான கேள்விதான். ஆனால் புல் வளரும் ஆண்டுகளில் கடன் தவணையை யார் கட்டுவார்கள்? நிலத்தைப் புல்லாக வைத்திருக்க 1985 முதல் அரசு பணம் தருகிறது. ஒப்பந்தமோ 10 முதல் 15 ஆண்டுகள்தான். 2007க்குப் பிறகு தானிய விலை ஏறியதும், நாடு முழுவதும் ஒரு கோடி ஏக்கருக்கு மேல் அத்திட்டத்திலிருந்து வெளியேறியது.

புல்வெளி:
அதனால்தான் நீருரிமையையே, அதாவது நீர் இறைக்கும் உரிமையையே, நிரந்தரமாக விலைக்கு வாங்கச் சொல்கிறேன். மேல் ஆர்கன்சாஸ் ஆற்றுப் பகுதியில் கான்சாஸ் 2007 முதல் அதைச் செய்கிறது. ஒகல்லாலா முழுவதற்கும் விரிக்கட்டும்.

கிணற்றடி:
விற்க விரும்புகிறவரிடம் வாங்கட்டும், தடுக்கவில்லை. விரும்பாதவர் கிணற்றை மூடச் சொன்னால் எதிர்ப்பேன்.