அம்மா வாய்வு என்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது

குடியாத்தம் பொண்ணு:
அம்மாவுக்கு 54 வயது, மாதவிலக்கு நின்று நாலு வருடம் ஆகிறது. முப்பது வருடமாக உட்கார்ந்து பீடி சுற்றியவர். ஒரு மாதமாக, வடாம் காயப்போட மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, தாடையும் முதுகும் இழுத்துப் பிடிக்கிறது, கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. கேட்டால் "வாய்வுடி" என்று ஓமத்தண்ணீர் குடிக்கிறார். பிரஷர் 152/94, கெட்ட கொழுப்பு 168. நெஞ்சுவலி இல்லையே, அப்படியும் இதயமாக இருக்குமா? ஹார்மோன் மாத்திரை போட்டால் இதயத்துக்கும் நல்லது என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார், போடலாமா?

காட்பாடி நர்ஸ்:
இருக்கலாம் தங்கச்சி, நாளைக்கே இதய டாக்டரிடம் காட்டுங்கள். ஏறினால் வந்து உட்கார்ந்தால் போகிறது என்பதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. பெண்களுக்கு நெஞ்சுவலியோடு, சில நேரம் அது இல்லாமலேயே, மூச்சுத்திணறல், தாடை வலி, குமட்டல், அசதி என்று வரும். சும்மா படுத்திருக்கும்போது எடுத்த ஈசிஜி நன்றாக இருந்தாலும் அதோடு விடாதீர்கள், எக்கோவும் (இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்) வேறு சோதனையும் வேண்டுமா என்று கேளுங்கள். உட்கார்ந்த பிறகும் வலி விடவில்லை, வியர்க்கிறது என்றால் உடனே 108, பைக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டாம்.

மாதவிலக்கு நிற்கும் சமயத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைகிறது, கெட்ட கொழுப்பு ஏறுகிறது, இடுப்புச் சதை வயிற்றுக்கு வருகிறது, ரத்தக்குழாயின் நெகிழ்வும் போகிறது. அதற்காக ஹார்மோனைத் திரும்பக் கொடுத்தால் இதயம் தப்பிக்கும் என்றுதான் முன்பு நம்பினார்கள். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு இரண்டு ஹார்மோன் சேர்ந்த மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வை, மார்பகப் புற்று, மாரடைப்பு, பக்கவாதம் அதிகமானதால் 2002இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். மாதவிலக்கு நின்றதால் திடீரென்று வரும் உடம்புச் சூட்டுக்கு டாக்டர் பார்த்துத் தருவது வேறு, இதயத்தைக் காக்க என்று அம்மா போடக்கூடாது.

ஆம்பூர் அக்கா:
என் பெரியம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியபோது கத்திரி வெயில், நம்ம வேலூர் வெயிலைத்தான் தெரியுமே, அதோடு மாதவிலக்கு நின்ற சூடும் என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். ஒரு கிளினிக்கில் கேஸ் ஊசி போட்டு அனுப்பினார்கள். ராத்திரி மறுபடி. பெரிய ஆஸ்பத்திரியில் இதய ரத்தக்குழாயில் அடைப்பு என்று, அதைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சின்னக் குழாயை வைத்தார்கள், பிழைத்தார், ஆனால் பத்து மணி நேரம் போய்விட்டது. இன்னொன்று கேளும்மா, அம்மாவுக்குக் கர்ப்ப சமயத்தில் பிரஷரோ சர்க்கரையோ இருந்ததா? அதற்கும் இதயத்துக்கும் சம்பந்தம் உண்டு, அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பிரஷர் மாத்திரை எழுதினால், மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், தலைவலி போச்சு என்று நடுவில் நிறுத்த விடாதே.

குடியாத்தம் பொண்ணு:
இப்போதுதான் கேட்டேன் அக்கா. நான் வயிற்றில் இருந்தபோது கால் வீங்கி, பிரஷர் ஏறி, எட்டாம் மாதமே பிறந்தேனாம். இத்தனை வருடத்தில் ஒருத்தரும் அவரிடம் இதைக் கேட்டதே இல்லை. விடிந்ததும் முதல் பஸ்ஸில் வேலூர் கிளம்புகிறோம்.